அரசாங்கம் வேலியோடு முடிகிறது

எங்கள் டோநட் கடைக்கு எதிரே உயர்நிலைப் பள்ளி. நடுவில் ஒரு சாலை, அவ்வளவுதான். காலை மணி அடிப்பதற்கு முன்னால் பாதிப் பள்ளிக்கூடம் எங்கள் கடையில்தான் நிற்கும். கல்லாவில் நான் இருப்பேன். உள்ளே எண்ணெய்ச் சட்டி முன்னால் ஹெங் மாமா இருப்பார். நானும் ஒன்பதாம் வகுப்பில் பாதிவரை அங்கே படித்தவள்தான். எழுந்து நின்று பேசு என்று யாராவது சொன்னால் எனக்குப் பேச்சே வராது, அதனாலேயே படிப்பை விட்டுவிட்டேன். கடையில் அந்தத் தொல்லை இல்லை. பேசுவதெல்லாம் வருகிறவர்கள். நான் எடுத்துக் கொடுத்தால் போதும்.

அந்த வருஷம் பாதாம் தோட்டங்களில் பூ உதிர்ந்த சமயத்தில், பிள்ளைகள் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பேச ஆரம்பித்தார்கள்.

"மேப்பிள் டோநட்தான் உலகத்துலயே நல்ல டோநட்" என்று ஒருவன் சொல்வான். உடனே சுற்றி நிற்கிறவர்கள் ஒரே குரலில், "யார் சொல்றது?" என்று கத்துவார்கள். அவன் திருத்திக்கொள்வான்.

"மேப்பிள் டோநட் சாப்பிடுறவங்க சொல்றாங்க."

அவ்வளவுதான், எல்லாரும் கண்ணாடி அலமாரியை இரண்டு தட்டுத் தட்டுவார்கள்.

"டேய், கண்ணாடி உடையும்டா!" என்பார் மாமா உள்ளேயிருந்து.

"கண்ணாடி உடையும்னு ஹெங் மாமா நம்புறாரு!"

மறுபடியும் இரண்டு தட்டு.

இதெல்லாம் மிஸ் லோரிங்கின் வகுப்பிலிருந்து வந்த வியாதி. எங்கள் ஊரில் ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் உலக மதங்கள் என்று ஒரு பாடம் படித்தாக வேண்டும். அரசுப் பள்ளியில் மதத்தைப் பற்றிச் சொல்லலாம், மதத்தைப் போதிக்கக் கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டாமலிருக்க மிஸ் லோரிங் வைத்த சட்டம்தான் இது. கடவுள் உலகத்தைப் படைத்தார் என்று அந்த வகுப்பில் மொட்டையாகச் சொல்ல முடியாது. புத்தர் ஞானம் பெற்றார் என்றும் முடியாது. யார் அப்படிச் சொல்கிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறந்தால் வகுப்பே கத்தும். சரியாகச் சொன்னால் மேசையில் இரண்டு தட்டு. எந்த மதத்தை முதலில் நடத்துவது என்பதைக்கூட மிஸ் லோரிங் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார். அந்த வருஷம் கிறிஸ்தவம் கடைசியில் வந்தது.

இன்னொரு சட்டமும் இருந்தது. நீ நம்புகிறாயா என்று அந்த வகுப்பில் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. தானாகச் சொல்ல விரும்பும் பிள்ளை சொல்லலாம். மிஸ் லோரிங் மட்டும் எப்போதும் சொல்ல மாட்டார். அவர் எந்த மதம் என்று பிள்ளைகள் வருஷம் முழுக்கத் துப்புத் துலக்குவார்கள். கறி தொடக் கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கோழிக்கறி சாப்பிட்டார், அதனால் கத்தோலிக்கர் இல்லை என்பாள் ஒருத்தி. பக்கத்து வீட்டுப் பூனைக்கு அவர் ஆசி கொடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒருவன் சத்தியம் செய்வான். தும்மல் வந்து கையைத் தூக்கியிருப்பார் என்பார் எங்கள் மாமா.

ஒடீலியா சில்வைராவும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். சின்ன வயதிலிருந்து என் சிநேகிதி. தினமும் வருவாள், பட்டைத்தூள் தூவிய டோநட் ஒன்று வாங்குவாள், நான் கேட்காவிட்டாலும் வகுப்பில் நடந்ததை எல்லாம் சொல்வாள். அவர்கள் பால்பண்ணைக் குடும்பம். அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துக்கீசியர்கள். எங்கள் பக்கத்து மாட்டுக்கொட்டகைகளில் பாதி அவர்களுடையதுதான். அவள் அம்மா லூர்திஸ் ஆன்ட்டி பள்ளி நிர்வாகக் குழுவில் ஓர் உறுப்பினர். அவர் குரல் மாடு மேய்த்து வளர்ந்த குரல். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று நலம் விசாரித்தால் எங்கள் சட்டியில் எண்ணெய் ஆடும்.

வசந்தக் கடைசியில் அவர்கள் மண்டபத்தில் பரிசுத்த ஆவித் திருவிழா நடக்கும். ஊருக்கே சாப்பாடு. யார் வந்தாலும் உட்காரலாம், ஒரு பைசா வாங்க மாட்டார்கள். பெரிய கிண்ணத்தில் ரொட்டியைப் போட்டு, புதினா வைத்து, அதன்மேல் மாட்டுக்கறிச் சாற்றை ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். சோப்பாஸ் என்று பெயர். நானும் மாமாவும் வருஷா வருஷம் போவோம். குர்தேஜ் குடும்பமும் வரும். குர்தேஜும் ஒடீலியாவின் வகுப்புதான். பாதாம் தோட்டக்காரர் மகன், சீக்கியப் பையன். கறி வேண்டாம் என்று ரொட்டியும் முட்டைக்கோஸும் மட்டும் வாங்கிச் சாப்பிடுவான். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவான்.

வருஷத்துக்கு ஒரு பெண்ணை அரசியாக்கி ஊர்வலம் நடத்துவார்கள்; அந்த வருஷம் அரசி ஒடீலியா. தலையில் வெள்ளிக் கிரீடம். தோளிலிருந்து மண்டபத்தின் பாதிவரை நீளும் வெல்வெட் அங்கி. அதில் இருந்த புறா, கதிர், ரோஜா எல்லாம் லூர்திஸ் ஆன்ட்டி மாதக் கணக்கில் உட்கார்ந்து தைத்தவை. மாட்டுக்கு வலி எடுத்த ராத்திரிகளில்கூட ஊசியும் கையுமாகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார் என்று ஒடீலியா சொல்லியிருக்கிறாள்.

சாப்பாட்டு ஜெபத்தை வழக்கமாகப் பாதிரியார்தான் சொல்வார். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மைக்கை ஒடீலியாவிடம் நீட்டி, நீ சொல் என்று கை காட்டினார். லூர்திஸ் ஆன்ட்டி முதல் மேசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். மண்டபம் எழுந்து நின்றது. ஒடீலியா முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்த வெளுப்பு நன்றாகத் தெரியும். நானாக இருந்தால் அங்கியோடு ஓடியிருப்பேன்.

"இந்த உணவைப் பரிசுத்த ஆவியானவர் எங்களுக்குத் தந்தார்" என்று அவள் ஆரம்பித்தாள். ஒரு மூச்சு நின்றாள். பிறகு தெளிவான குரலில், "என்று கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். ஆமென்" என்று முடித்தாள்.

ஆமென் சொல்லத் திறந்த வாய்கள் அப்படியே நின்றன.

அப்போது பின்மேசையிலிருந்து அவள் வகுப்புப் பிள்ளைகள், பழக்க தோஷத்தில், மேசையை இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

ஒரு தாத்தா முதலில் சிரித்தார். பிறகு அவர் மேசை சிரித்தது. பிறகு குரலே இல்லாத பாதிரியார் தோள் குலுங்கச் சிரித்தார். ஹெங் மாமாவுக்குச் சாறு புரை ஏறி நான் முதுகில் அடித்தேன். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். கிரீடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்ற ஒடீலியா. முதல் மேசையில் லூர்திஸ் ஆன்ட்டி.

மறுநாள் காலை ஒடீலியா டோநட் வாங்கவில்லை. கல்லாவின் மேல் சாய்ந்து நின்றாள்.

"அம்மா பேசவே இல்லடி. வண்டியில வரும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. நீ நம்புறியா, இல்லையா? போலீஸ்காரன் கேக்குற மாதிரி. நான் வாயைத் திறக்கல."

"ஏன்?" என்றேன்.

"அப்படிக் கேட்டா என்ன சொல்றது? ஆமாம்னா பயந்து சொன்ன மாதிரி இருக்கும். இல்லைன்னா வீட்டுல இருக்க முடியாது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடுது. அந்த வகுப்பை எடுத்துட்டுக் கம்ப்யூட்டர் பாடம் வைக்கணும்னு ரெண்டு பேர் சொல்றாங்க. ரெண்டு பேர் எடுக்க வேண்டாங்கறாங்க. அம்மா கை எந்தப் பக்கம் தூக்குதோ, அதுதான்."

"ஆன்ட்டி எடுக்க வேண்டாம்னுதானே இருந்தாங்க?"

"அது நேத்து மத்தியானம் வரைக்கும். இப்போ என்ன சொல்றாங்க தெரியுமா? அந்த வகுப்பு என் பிள்ளையை என்கிட்டேருந்து எடுத்துக்கிச்சாம். அது போனா மிஸ்ஸும் போயிடுவாங்க மலிஸ். அவங்களுக்கு வேற பாடம் கிடையாது. எல்லாம் என் வாயால."

மாமா உள்ளேயிருந்து ஒரு டோநட்டைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். "அழுறவங்களுக்கு இங்க காசு வாங்குறதில்ல" என்றார்.

"யார் சொல்றது?" என்று கேட்டுவிட்டு ஒடீலியா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அந்த நிலைமையிலும் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை லூர்திஸ் ஆன்ட்டியே கடைக்கு வந்தார். நல்ல உடை, காதில் தோடு, ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு.

"ரெண்டு பெட்டி போடு. எல்லாத்துலயும் கலந்து" என்றார் என்னிடம்.

மாமா எட்டிப் பார்த்தார். "என்ன லூர்திஸ், வகுப்புல போய் உட்காரப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். சண்டையாமே?"

"ஆமா, சண்டைதான். என்ன நடத்துறாங்கன்னு என் கண்ணால பாத்துட்டு, அப்புறம் கையைத் தூக்குவேன்."

"சண்டைக்கு எதுக்கு டோநட்?"

"வெறுங்கையோட ஒரு இடத்துக்குப் போறதா? எங்க தீவுல கேட்டா சிரிப்பாங்க." என் பக்கம் திரும்பினார். "நீ ஒரு பெட்டியைத் தூக்கிட்டு என்கூட வா. ரெண்டு கையிலயும் பெட்டி இருந்தா கதவை எப்படித் தட்டுறது? காலால தட்டினா மரியாதையா?"

நான் மாமாவைப் பார்த்தேன். போ, போ என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லூர்திஸ் ஆன்ட்டியிடம் மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

மிஸ் லோரிங்கின் வகுப்பு முக்கியக் கட்டடத்தில் இல்லை. விளையாட்டு மைதானத்து ஓரமாக, கம்பிவலை வேலியை ஒட்டினாற்போல் போட்ட மரப்பலகை வகுப்பறையில் நடந்தது. வேலிக்கு அப்பால் ஊர் நடைபாதை. நான் பெட்டியோடு வாசலிலேயே நின்றுகொள்ளலாம் என்று நினைத்தேன். மிஸ் லோரிங் கதவருகே இருந்த ஒரு நாற்காலியைக் கண்ணால் காட்டினார். எழுந்து நிற்கச் சொல்லவில்லை என்பதால் உட்கார்ந்துவிட்டேன்.

லூர்திஸ் ஆன்ட்டி கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒடீலியா தலையைக் குனிந்துகொண்டாள். பலகையில் "கத்தோலிக்கர்கள்: திருவிழாக்கள்" என்று எழுதியிருந்தது.

"போன ஞாயிறு உங்கள்ல நிறைய பேர் பரிசுத்த ஆவித் திருவிழாவுக்குப் போயிருந்தீங்க" என்றார் மிஸ் லோரிங். "அரசி எதுக்கு? சாப்பாடு எதுக்கு? யாருக்காவது தெரியுமா?"

வகுப்பு ஒடீலியாவைப் பார்த்தது. ஒடீலியா மேசையைப் பார்த்தாள்.

குர்தேஜ் கையைத் தூக்கினான். "மிஸ், கறி மிஞ்சிப்போச்சுன்னா கெட்டுப்போகும். அதனால ஊரையே கூப்பிட்டுக் குடுக்குறாங்கன்னு எங்க அப்பா சொல்றாரு."

லூர்திஸ் ஆன்ட்டி எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"மிஞ்சிப்போச்சா! டேய், உங்க அப்பாவை வரச் சொல்லு என்கிட்ட! அந்தக் காலத்துல போர்ச்சுகல்ல பெரிய பஞ்சம். ஒரு அரசி இருந்தா. இசபெல்னு பேரு. ஜனங்க செத்துக்கிட்டு இருந்தாங்க. அவ பரிசுத்த ஆவிகிட்ட, என் கிரீடத்தையே உனக்குத் தர்றேன், என் ஜனங்களுக்குச் சோறு போடுன்னு வேண்டிக்கிட்டா. உடனே துறைமுகத்துல கப்பல் வந்து நின்னுது, தானியமும் மாடுமா!"

"யார் சொல்றது?" என்றது வகுப்பு.

"என்னது யார் சொல்றது? நான் சொல்றேன்!"

"யார் சொல்றது?"

லூர்திஸ் ஆன்ட்டி முழித்தார். மகளைப் பார்த்தார். ஒடீலியா குனிந்த தலையை நிமிர்த்தாமலே மெல்ல, "எங்க தீவுக்காரங்க சொல்றாங்கன்னு சேர்த்துக்கணும்மா" என்றாள்.

"சேர்க்காம சொன்னா பொய்யாகிடுமா?"

"பொய் ஆகாது மேடம்" என்றார் மிஸ் லோரிங். "யாரோட கதைன்னு தெரியும். உங்களோட கதையை உங்க பேர்லயே வெச்சுக்கலாம்."

லூர்திஸ் ஆன்ட்டி விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். பிறகு வேண்டாவெறுப்பாக, "கப்பல் வந்துச்சுன்னு எங்க தீவுக்காரங்க சொல்றாங்க" என்றார்.

வகுப்பு முழுக்க மேசைகள் இரண்டு தட்டு அதிர்ந்தன. ஆன்ட்டி திடுக்கிட்டுப் பின்வாங்கினார். அது பாராட்டு என்று புரிந்ததும் அவர் தோடு லேசாக ஆடியது.

அதற்கப்புறம் அவரை உட்கார வைக்க யாராலும் முடியவில்லை. பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கிரீடம் வாரத்துக்கு ஒரு வீடாகப் போவதைச் சொன்னார். எங்க தீவுக்காரங்க சொல்றாங்க. இரண்டு தட்டு. சாற்றில் புதினா போடாவிட்டால் அது சோப்பாஸே இல்லை. எங்க தீவுக்காரங்க சொல்றாங்க. இரண்டு தட்டு. தட்டு வாங்குவதற்காகவே அவர் வாக்கியங்களைச் சின்னச் சின்னதாக வெட்டிச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"ஆன்ட்டி, எங்க குருத்வாராவிலயும் எல்லாருக்கும் சாப்பாடு உண்டு. தினமும்" என்றான் குர்தேஜ். "அரசி எல்லாம் கிடையாது."

"அரசி இல்லாம யாருடா பரிமாறுவா?"

"எல்லாரும்."

"கறி?"

"கறி கிடையாது ஆன்ட்டி."

"தினமும் கறி இல்லாமலா?" லூர்திஸ் ஆன்ட்டி நிஜமான இரக்கத்தோடு அவனைப் பார்த்தார். "டேய், அந்தப் பெட்டியிலேருந்து ஒரு டோநட் எடுத்துக்கோடா."

வகுப்பு சிரித்து அடங்கிய நேரத்தில் ஒடீலியா எழுந்து நின்றாள்.

"அம்மா, நீ நம்புறியா? கப்பல் வந்துச்சுன்னு?"

அந்த அறையில் கேட்கக் கூடாத கேள்வி அது. பிள்ளைகள் மிஸ் லோரிங்கைப் பார்த்தார்கள்.

"ஒடீலியா, அந்தக் கேள்வியை நாம இங்க கேட்கிறதில்ல" என்றார் அவர் மென்மையாக.

"இருங்க டீச்சர்" என்றார் லூர்திஸ் ஆன்ட்டி. "என் பொண்ணு என்னைக் கேக்குறா. நான் பதில் சொல்லணும்."

"சொல்லக் கூடாதுன்னு இல்ல மேடம். வகுப்புக்கு முன்னால நின்னு சொல்லக் கூடாது. பிள்ளைங்க விரும்பினா அவங்க நம்பிக்கையைச் சொல்லலாம். நானும் நீங்களும் முடியாது. நான் ஆசிரியை, நீங்க நிர்வாகக் குழு. நம்ம வாயால வந்தா அது அரசாங்கம் சொன்ன மாதிரி."

"சரி, வெளியில நின்னு சொல்றேன்." ஆன்ட்டி கதவைத் திறந்து படியில் இறங்கினார்.

"அதுவும் அரசாங்கப் படிதான் ஆன்ட்டி" என்றான் குர்தேஜ், வாயெல்லாம் சர்க்கரையாக.

"மைதானம்?"

"அதுவும்தான்."

"இந்த அரசாங்கம் எங்கதான்டா முடியுது?"

குர்தேஜ் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினான். "வேலியோட முடியுது ஆன்ட்டி."

லூர்திஸ் ஆன்ட்டி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "மலிஸ், வா!" என்று கூப்பிட்டுவிட்டு நடந்தார். என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மடியிலிருந்த இரண்டாவது பெட்டியோடு பின்னால் ஓடினேன். பக்கத்து வாசல் வழியாக வெளியே போய், நடைபாதையில் வேலியை ஒட்டியே நடந்து, அந்த வகுப்பறைக்கு நேர் எதிரே வந்து நின்றோம். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் நாலைந்து தலைகள்.

ஆன்ட்டி கம்பிவலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நம்புறேன்!" என்றார். மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். "கப்பல் வந்துச்சு! மாடு வந்துச்சு! பரிசுத்த ஆவி அனுப்பினாரு! எங்க பாட்டி நம்பினா, எங்க அம்மா நம்பினா, நான் நம்புறேன்!"

சாலையில் போன பால் லாரிக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஹாரன் அடித்துக் கையசைத்தார்.

"போயா, உன்கிட்ட பேசல!" என்று அவருக்கும் பதில் சொல்லிவிட்டு ஆன்ட்டி ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஒடீலியா! நான் சொல்லிட்டேன். இப்ப நீ வா!"

ஒடீலியா மிஸ் லோரிங்கிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. மிஸ் லோரிங் தலையசைத்தார். "வேலிவரைக்கும் போகலாம். தாண்டக் கூடாது" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. பிள்ளைகளை ஜன்னலிலிருந்து உள்ளே இழுக்கவும் அவர் பார்த்தார். ஒரு ஜன்னலை விலக்கினால் இன்னொன்று நிறைந்தது.

ஒடீலியா புல்வெளியில் மெதுவாக நடந்து வந்தாள். அம்மா அந்தப் பக்கம், மகள் இந்தப் பக்கம். நடுவில் கம்பி. நான் நகர்ந்துவிடலாம் என்று பார்த்தேன். ஆன்ட்டியின் கைப்பை என் தோளில் மாட்டியிருந்தது. எப்போது மாட்டினார் என்று தெரியவில்லை.

"சொல்லு. நீ நம்புறியா, இல்லையா?"

"கத்தாம கேட்டா சொல்றேன்."

"நான் கத்தல!" என்று கத்தினார் ஆன்ட்டி. பிறகு குரலை இறக்கினார். அவருக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். "சரி. கத்தல. சொல்லும்மா."

"அன்னிக்கு நான் வேணும்னு சொல்லலம்மா. மைக்கைக் கையில குடுத்ததும் பயந்துட்டேன். எல்லாரும் எழுந்து நின்னு என்னையே பாத்தாங்க. வகுப்புல பதில் சொல்ற மாதிரி ஆயிடுச்சு. வாய் தானா முடிச்சிடுச்சு."

"அப்ப நம்புற."

ஒடீலியா கம்பியில் விரலை நுழைத்துத் திருகினாள்.

"சில நாள் நம்புறேன்" என்றாள். "அந்த அங்கியைப் போட்டுக்கிட்டு நடந்தேனே, அப்போ ரொம்ப நம்பினேன். சில நாள் தெரியல. சும்மா மேல பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன். யாரும் கேக்கற மாதிரியே இருக்காது."

ஆன்ட்டியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததால் டோநட் பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆன்ட்டி தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்.

"ரோசா செத்தாளே, ஞாபகம் இருக்கா?"

ரோசா அவர்களுடைய பெரிய பசு. நான் பார்த்திருக்கிறேன்.

"கன்னு குறுக்கால மாட்டிக்கிட்டு, விடிய விடிய நான் அவ தலையை மடியில வெச்சுக்கிட்டு வேண்டினேன். ரெண்டும் போச்சு. அந்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன். போகாம இருக்க முடியாது, ஊர் பேசும். ஆனா கடவுள்கிட்ட நான் பேசல. முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார முடியாதில்ல? அதனால பூசை முழுக்கத் தலைமுடியைச் சரிபண்ணிக்கிட்டே இருந்தேன்."

"நிஜமாவா?"

"ரெண்டு மாசம் பேசல. அப்புறம் ஒருநாள் வெயில் நல்லா இருந்துச்சு, நானே போய்ப் பேசிட்டேன். அவரும் ஒண்ணும் கேக்கல." ஆன்ட்டி சுற்றுமுற்றும் பார்த்தார். "இதை வெளியில சொல்லிடாதே."

ஒடீலியா ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தாள். ஆன்ட்டியின் சின்னக் குரல்கூட மற்றவர்களின் சாதாரணக் குரல். அத்தனை தலைகளும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

"அய்யய்யோ" என்றார் ஆன்ட்டி.

முதலில் ஒடீலியாதான் சிரித்தாள். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. அம்மாவும் அந்தப் பக்கத்திலிருந்து அதே இடத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். இரண்டு பேர் நெற்றியிலும் கம்பியின் கட்டம் பதிந்துவிட்டது.

"ஏம்மா இதையெல்லாம் இதுவரைக்கும் சொல்லல?"

"நீ எங்கடி கேட்ட?"

"நீ எங்க கேக்க விட்ட!"

"சரி சரி, இப்பதான் கேட்டுட்டல்ல" என்றார் ஆன்ட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கா? அந்தச் சீக்கியப் பையனுக்கு நான் பாதியில விட்டுட்டேன். ரொட்டியை எப்படி ஆசீர்வதிக்கிறாங்கன்னு சொல்லல."

நாங்கள் வந்த வாசலுக்குத் திரும்பிப் போனோம். அது தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி பிடித்து உலுக்கினார்.

"எந்த முட்டாள் வெச்ச பூட்டு இது?"

"போன வருஷம் நீதாம்மா தீர்மானம் போட்ட" என்று வேலிக்குள்ளிருந்து ஒடீலியா சொன்னாள். "வெளி ஆள் யாரா இருந்தாலும் சுத்திப் போய் அலுவலகத்துல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வரணும்."

ஆன்ட்டி எதிர்ப்பேச்சு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளியைச் சுற்றி நடைபாதையில் ஓட ஆரம்பித்தார். கைப்பை ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமுமாக நானும் ஓடினேன். மூலை திரும்பும்போது எதற்கென்று தெரியாமல் எனக்கும் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஒடீலியா சாலையைப் பார்க்காமலே தாண்டி ஓடிவந்தாள்.

"இருக்கு! வகுப்பு இருக்கு! மிஸ்ஸும் இருக்காங்க!"

மாமா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "உங்க அம்மா கையைத் தூக்கிட்டாங்களா?"

"ரெண்டு கையையும் தூக்கினாங்க மாமா. ஒண்ணு போதும்னு தலைவர் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஏன் மனசை மாத்திக்கிட்டீங்கன்னு அவர் கேட்டாரு. அம்மா எழுந்து நின்னு, 'என் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு. இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு கேள்வி கேட்டதில்ல. வண்டிச் சாவி எங்க, சாப்பாடு என்ன, இதெல்லாம் கேள்வியா? இந்த வகுப்புல உட்கார்ந்துதான் முதல் கேள்வி கேட்டா. அதை எடுத்துட்டு அங்க கம்ப்யூட்டரை வெச்சா, அதுகிட்ட போய்க் கேப்பா. அப்புறம் என்கிட்ட எவ கேப்பா?' அப்படின்னாங்க."

"நல்ல கேள்வி" என்றார் மாமா.

"நம்ம ஊருக்கே கேட்டிருக்கும். மைக் இல்லாமலேதான் பேசினாங்க."

கடை வாசலில் சில்வைரா பண்ணையின் டிரக் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி லூர்திஸ் ஆன்ட்டி தலையை நீட்டினார்.

"ஒடீலியா! ஏறு சீக்கிரம்! நேத்து நரகத்தைப் பத்திப் பேசும்போது பாதியில தூங்கிட்ட!"

"நான் தூங்கல, நீதான் தூங்கின!"

"கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சேன்!"

"குறட்டை விட்டுக்கிட்டா யோசிப்பாங்க?"

ஒடீலியா ஏறிக்கொண்டாள். வண்டி நகர்வதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. எங்கள் கடை ஜன்னலிலிருந்து பார்த்தேன். உள்ளே நாலு கைகள் ஆடிக்கொண்டிருந்தன. விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற வண்டிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக விலகிப் போயின. டிரக் அங்கேயே நின்றது.